மைனஸ் இருபது அண்ணனும் முயல் மேடமும்

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் குடியிருக்கும் அத்தனை ஜனங்களிலும், வெயிலைத் தன் சொந்தப் பங்காளியாக நினைத்துச் சண்டை போட்ட ஒரே மனிதர் மைனஸ் இருபது அண்ணன்தான். சித்திரை பிறந்தால் நாமெல்லாம் மோர் குடிப்போம், நுங்கு வாங்குவோம், கரண்ட் போனால் கத்துவோம். அவர் ஆராய்ச்சிக்கூடத்து ஜன்னலைத் திறந்து, சூரியனை நேருக்கு நேர் பார்த்து, “நீ இன்னா பண்றேன்னு பாத்துடறேன்” என்பார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தன் ஃப்ரீஸருக்குக் காவல் நிற்கப் போய்விடுவார்.

இன்று வாராவாரம் பத்தி எழுதிப் பிழைக்கும் நான், சில வருடங்களுக்கு முன்பு வரை தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்லூரியில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். யாருடைய மூளை என்று கேட்டு என் தம்பி அப்போதே சிரித்து முடித்துவிட்டான், நீங்கள் மேலே படிக்கலாம்.

அண்ணன் அங்கே லேப் டெக்னீஷியன். அசல் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும், யாரும் திறந்து பார்த்ததில்லை. எங்கள் ரசாயனங்கள் தூங்கும் ஃப்ரீஸரின் குளிர் மைனஸ் இருபது டிகிரி. அதைக் காட்டும் சின்னத் திரையை அவர் மணிக்கு நாலு தடவை பார்ப்பார். பத்தொன்பது என்று காட்டினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஒருமுறை கல்லூரி ஆண்டு விழாவில் உட்கார்ந்திருந்தபோது யாரோ போனில் “பதினெட்டு” என்று சொல்லிவிட்டார்கள். முன்வரிசை விருந்தினர்களைத் தாண்டிக் குதித்து ஓடினார். மேடையில் பேசிக்கொண்டிருந்த பிரின்சிபால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அவரும் பின்னால் ஓடினார்.

ஃப்ரீஸரைத் திறப்பதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் அண்ணன் சத்தமாக எண்ண ஆரம்பிப்பார். ஏழுக்குள் வேண்டியதை எடுத்துக்கொண்டு கையை வெளியே இழுத்துவிட வேண்டும். எட்டு என்ற எண் அவருக்குத் தெரியாது, கதவு சாத்தப்படும். நடுவில் மாட்டியிருப்பது துப்பட்டாவா விரலா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

“அண்ணா, கை! கை!”

“கையி முப்பத்தேழு டிகிரிமா. அத்த உள்ள வெச்சா ஃப்ரீஸர் இன்னாத்துக்கு ஆவும்?”

இந்த மனிதரிடம்தான் முயல் மேடம் வந்து சேர்ந்தார். மேடம் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லிடம் பேசுவதற்குக் குளுட்டமேட் என்றொரு ரசாயனத்தைக் கொட்டும். பேசி முடித்ததும் அதை உடனே அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. கல்யாணப் பந்தியில் இலை எடுக்க ஆள் இல்லையென்றால் அடுத்த பந்தி என்ன கதி ஆகுமோ, அதே கதிதான். இப்படி அள்ளுவதற்கென்றே செல்லின் சுவரில் ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் புரதத்தைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. ஆயிரக்கணக்கான புரதங்களின் கூட்டத்தில் அந்த இலை எடுப்பவரை மட்டும் தேடிப்போய், சட்டையைப் பிடித்து, “இதோ இவர்தான்” என்று காட்டிக்கொடுக்கும் சமாசாரத்துக்கு ஆன்டிபாடி என்று பெயர். எங்களுடையது ஒரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது. கடல் கடந்து வர மூன்று மாதம் ஆகும். விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அளவைப் பார்த்தால் அழுகை வரும். இரண்டு சொட்டு.

எலியிடமிருந்து எடுத்த ஆன்டிபாடிகளும் எங்களிடம் இருந்தன. அவற்றை அண்ணன் ‘அது’ என்பார். முயலுடையதை மட்டும் முதல் நாளிலிருந்தே ‘மேடம்’, ‘அவங்க’. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டேன்.

“ப்ளேன்ல வந்தவங்கமா” என்றார்.

ஏர்போர்ட்டுக்குப் போய் மேடத்தை வாங்கி வந்தது நானும் அவரும்தான். திரிசூலத்தில் ரயில் ஏறினோம். ஐஸ் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் தன் கைக்குட்டையை விரித்து, ஃபேன் காற்று நேராகப் படும் சீட்டுக்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடமே இடம் கேட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு ஆவல் தாங்கவில்லை.

“பொட்டில இன்னா சார், மீனா?”

“இல்லீங்க. முயல்.”

“உசுரோடவா?”

“உசுரு இல்லீங்க. ஆனா நல்லா வேலை செய்வாங்க.”

கையில் செங்கல்பட்டு டிக்கெட் வைத்திருந்த அந்தப் பெரியவர் பல்லாவரத்திலேயே இறங்கி வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

நான் சோதிக்க வேண்டிய மூளைத் திசு மாதிரிகள் தயாராக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை மேடம் ஃப்ரீஸரின் மேல் தட்டில், தெர்மோகோல் மெத்தை போட்ட தனி டப்பாவில் இருந்தார். “எப்படிண்ணா இருக்காங்க?” என்று கேட்டால், “ரெஸ்ட்ல கீறாங்க, சத்தம் போடாத” என்பார். அவருக்குப் பைத்தியம் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். நானும் பேசியிருக்கிறேன்.

கார்த்திகையில் புயல் வந்தது. மாடம்பாக்கம் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர், கல்லூரி ஜெனரேட்டர் அறையில் இடுப்பளவு. ஃப்ரீஸர் செத்துப்போனது. எல்லாரும் அவரவர் வீட்டில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் கல்லூரிக்குள் நீந்தாத குறையாகப் போய், மேடத்தை ஃப்ளாஸ்க்கில் இறக்கி, தலையில் சுமந்து, அஸ்தினாபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். மறுநாள் அங்கேயும் கரண்ட் போனது. இனி ஐஸ்தான் கதி. ஐஸ் இருந்த ஒரே இடம், தெருமுனை மீன்காரம்மாவின் கூடை.

சிக்கல் என்னவென்றால், அண்ணன் அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், காலில் செருப்பில்லை. அந்தக் கோலத்தில் போய் மீன் கூடை முன்னால் நின்றார்.

“இன்னா சாமி, மாலை போட்டுகினு மீனாண்ட வந்து நிக்கறே?”

“மீன் வேணாம்மா. ஐஸ் மட்டும் குடு.”

“ஐஸு மீனுக்கு சாமி. மீன் வாங்கினா ஐஸு. நான் இன்னா ஐஸ் கம்பெனியா வெச்சிகினுகீறேன்?”

வாங்கினார். மூன்று நாளும் காலையும் மாலையும் சங்கரா மீன் வாங்கினார். ஐஸை வைத்துக்கொண்டு மீனை மாடியில் குடியிருந்தவரிடம் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் வெள்ளம் வடிந்த பிறகும் ரொம்ப நாள் வானத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் போன் பண்ணியபோது அண்ணனின் மனைவிதான் எடுத்தார்.

“மாலை போட்ட மனுசன் கையில மீனோட தெருவுல வராரும்மா. ஐயப்பன் இன்னா நெனைப்பாரு?”

பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது: “அவரு மலை மேல குளுர்ல கீறவரு. அவருக்குப் புரியும்.”

கரண்ட் வந்தது, தண்ணீர் வடிந்தது, மேடம் ஃப்ரீஸருக்குத் திரும்பினார். அடுத்த வாரம் நான் வேலையை ஆரம்பித்தேன். செய்முறை எளிது. மாதிரியில் இருக்கும் புரதங்களை ஒரு ஜெல்லின் வழியே ஓடவிட்டு, உருவத்துக்குத் தகுந்தபடி பிரித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றியெடுத்து, அந்தத் தாளை ஆன்டிபாடியில் ஊறவைக்க வேண்டும். நம் ஆள் இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். ஓடவிடும் முன்பு மாதிரியை ஹீட்டிங் பிளாக் என்ற குட்டி அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பது எங்கள் லேப் வழக்கம். எதை வைத்தாலும் கொதிக்க வைப்போம். இட்லியை வேகவைக்கலாமா என்று யாராவது யோசிப்பார்களா?

கோடு விழவில்லை. தாளின் உச்சியில் ஏதோ ஒரு கறை, அதற்குக் கீழே வெறுமை. இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவையும் அதே கறை, அதே வெறுமை. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான புரொபசர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “புயல்ல இந்த ஆன்டிபாடி எங்க இருந்தது?” என்று கேட்டார்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்காவது வந்திருக்கலாம்.

“எங்க வூட்ல சார். ஐஸ் போட்டு, குல்ஃபிகாரன் மாதிரி கல்லுப்பு போட்டு, பத்திரமா வெச்சிருந்தேன்.”

“எதுல வெச்சிருந்தீங்க?”

“குக்கர்ல சார்.”

புரொபசர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

“பிரஷர் குக்கர்லயா?”

“அடுப்புல வெக்கல சார். கேஸ்கெட் போட்டு மூடினா வெளிக்காத்து உள்ள வராது, அதுக்குத்தான். வெயிட்டும் போட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. புரொபசரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. “திங்கட்கிழமை வரைக்கும் டைம்” என்றார். “கோடு வரலைன்னா ஆபீஸுக்கு லெட்டர் கொடுத்துடுவேன். ஃப்ரீஸர் சாவி வேற ஆளுக்குப் போகும். நீங்க ஸ்டேஷனரி ஸ்டோருக்கு மாறிடுங்க. அங்க பேப்பர்தான் இருக்கு. எதுவும் கெட்டுப் போகாது.”

“மேடம் நல்லாத்தான் கீறாங்க சார்.”

“என்ன ப்ரூஃப்?”

“அந்த மூணு நாளும் நான் கண்ணு மூடல சார். அதான் ப்ரூஃபு.”

புரொபசர் தன் அறைக்குப் போய்விட்டார். நான் அங்கேதான் நின்றேன். ‘அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை சார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் குக்கர் மேல்தான் சந்தேகம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை வரை காத்திருக்க அண்ணனின் ரோஷம் இடம் தரவில்லை. சாவியை மேஜையில் வைத்தார். ஒரு கட்டைப்பையை விரித்து, லேபில் இருந்த தன் சொந்தப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தார். பிளாஸ்டிக் ஸ்டூல், சுவர்க் கடிகாரம், முருகன் காலண்டர், எங்கள் எல்லாரையும் காப்பாற்றிவந்த ஸ்குரூடிரைவர். கடைசியில் ஹீட்டிங் பிளாக்கிலிருந்து கரண்ட் வயரை உருவினார். பழைய வயரை எலி கடித்துவிட்டது, புது வயர் கேட்டு ஆபீஸுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால், தன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் வயரைக் கொண்டுவந்து மாட்டியிருந்தாராம். எங்கள் ஆராய்ச்சியில் பாதி அவர் வீட்டுச் சாமானில்தான் நடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போகும்போது ஃப்ரீஸர் கதவில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். திரையைப் பார்த்தார். மைனஸ் இருபது. கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை நான் மட்டும் வந்தேன், கடைசி முயற்சிக்காக. கொதிக்க வைக்கலாம் என்று போனால் வயர் இல்லை. அக்கம்பக்கத்து லேபெல்லாம் பூட்டிக் கிடந்தன. எனக்கு எரிச்சல். எப்படியும் மேடம் காலமாகிவிட்டார், கொதிக்க வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன, திங்கட்கிழமை காட்ட இன்னொரு வெற்றுத் தாள் இருந்தால் போதும் என்று அப்படியே ஜெல்லில் ஊற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாளைக் கருவியில் வைத்துப் படம் எடுத்தேன்.

கோடு! விழவேண்டிய இடத்தில், கண்மை தீட்டிய மாதிரி, கறுப்பாக, நேராக. நான் போட்ட கத்தலில் வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்தார்.

“இன்னாமா, பாம்பா?”

“இல்லண்ணா, கோடு!”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “இதுக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஏன் இன்றைக்கு மட்டும் வந்தது? அப்போதுதான், மேடத்தோடு கூடவே வந்த குறிப்புத்தாளைப் படித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆமாம், அதுவரை படிக்கவில்லை. அதை அண்ணன் பிளாஸ்டிக் உறை போட்டு ஃப்ரீஸர் கதவிலேயே ஒட்டிவைத்திருந்தார். ஆயுத பூஜை அன்று லேபில் இருக்கும் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தவர், மேடத்தின் ஜாதகம் என்று நினைத்தோ என்னவோ, அந்தத் தாளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். தாராளமாக, ஐந்தாவது வரியின் மேல். நகத்தால் சுரண்டினேன். மாதிரியைக் கொதிக்க வைக்கக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

இந்தப் புரதம் செல்லின் சுவருக்குள் நுழைந்து நுழைந்து பின்னிக் கிடக்கும் ஜாதி. கொதிக்க வைத்தால், குழைந்துபோன சேமியா மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டி ஜெல்லுக்குள் இறங்காது, வாசலிலேயே நிற்கும். மூன்று தடவையும் உச்சியில் தெரிந்த அந்தக் கறை அதுதான். அங்கேயும் போய் மேடம் சரியான ஆளின் சட்டையைத்தான் பிடித்திருக்கிறார். அவரைத்தான் நாங்கள் செத்துப்போனதாகச் சொல்லி, காப்பாற்றியவரைப் பேப்பர் எண்ண அனுப்பப் பார்த்தோம்.

நகக்கண்ணெல்லாம் குங்குமத்தோடு யோசித்தேன். குக்கர் நிரபராதி. படிக்காதது என் தப்பு, நெட்டில் தேடியிருந்தால்கூட அந்த வரி கிடைத்திருக்கும். ஆனால் புரொபசர் இந்தப் பொட்டைப் பார்த்தால் கதை மாறிவிடும். ‘அப்பவும் இவர்தான் காரணம்’ என்பார், லெட்டர் அப்படியே போகும். பஞ்சை நனைத்து உறையைச் சுத்தமாகத் துடைத்தேன். ஃப்ரீஸர் பக்கத்துப் பிள்ளையார் படத்திலிருந்து குங்குமம் எடுத்து, எழுத்தே இல்லாத மேல் மூலையில் புதுப் பொட்டு வைத்தேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் செய்த ஒரே மோசடி அதுதான்.

திங்கட்கிழமை புரொபசரிடம் கோட்டையும் தாளையும் காட்டினேன். “நான்தான் சார் படிக்கலை” என்றேன். பத்து நிமிடம் இங்கிலீஷில் திட்டினார். தானும் படிக்கவில்லை என்பது நடுவில் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று குரல் இறங்கியது. “அவரை வரச் சொல்லும்மா” என்றார். “வேணாம், நானே போன் பண்ணி ஸாரி சொல்றேன். நீ நேர்ல போய்க் கூட்டிட்டு வா.”

அஸ்தினாபுரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் அந்த பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என் போனை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் படத்தைப் பார்த்தார்.

“அவங்கதானா?”

“அவங்கதாண்ணா.”

“ஏய், இங்க வா” என்று மனைவியைக் கூப்பிட்டார். “மேடம் போட்ட கோட்டப் பாரு.”

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். “இந்தக் கோட்டுக்கா என் குக்கரு மூணு நாளு போச்சு?”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “இன்னாதான் தப்பு நடந்துச்சு?”

“நான் கொதிக்க வெச்சுட்டேண்ணா. கொதிக்க வைக்கக்கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. நான் பாக்கலை.”

அவர் மெதுவாக எழுந்து நின்றார். “கொதிக்க வெச்சியா? மேடத்தாண்ட குடுக்க வேண்டியத்த கொதிக்க வெச்சியா? கண்ணு முன்னால பேப்பர ஒட்டிகீறேன், அதுல இன்னா எழுதிகீதுன்னு பாக்க மாட்டியா? நீ படிச்ச பொண்ணுதானே? உங்க வூட்ல ஐஸ்கிரீமையும் அடுப்புல ஏத்துவீங்களா?”

ஆட்டோவில் திட்டினார். தாம்பரம் சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு திட்டினார். கட்டைப்பைச் சாமான்களை அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே திட்டினார். ஹீட்டிங் பிளாக் வயரை மட்டும் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு மாதம் ஓயவில்லை. லேபைப் பார்க்க யார் வந்தாலும், “இதான் சார், கொதிக்க வெச்ச பொண்ணு” என்றுதான் அறிமுகம். என் வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரிக்கும் காபியோடு சேர்த்து இந்தச் செய்தியைக் கொடுத்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

பொட்டு விஷயத்தை நான் இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. ஆராய்ச்சியை விட்டு எழுத வந்துவிட்டேன், அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார். அவர் பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை. ஆனால் அவர் மனைவி அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பவர், படித்ததும் சத்தமாகச் சொல்பவர். ஆகவே இந்த வாரக் கடைசிக்குள் எனக்கு ஒரு போன் வரும். “இன்னாமா, எம்பொட்டு மேலயா பழியப் போட்டே?” என்று ஆரம்பிப்பார்.

அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. எவ்வளவு நேரம் திட்டினாலும் போனை நான் வைக்கப் போவதில்லை.